என் மகள் தன் கையாலேயே தேர்ந்தெடுத்த விசைப்பலகையை அவளுக்கு வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்
ச. மலைச்சாமி,
சாப்பாட்டுக் கடை, பேருந்து நிறுத்தம் எதிரில்,
சித்தையன்கோட்டை, திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்
சிறப்பு அலுவலர் அவர்கள்,
பேச்சுத்துணைக் கருவிகள் வழங்கும் திட்டம்,
திண்டுக்கல்.

பொருள்: மகள் ம. அன்புக்கரசிக்கு டேப்லெட்டுடன் வழங்கப்பட்ட மெல்லிய விசைப்பலகையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, முகாமில் அவள் தேர்ந்தெடுத்த பெரிய விசைப்பலகையை வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது புகார் மனுதான். ஆனால் புகாருக்கு முன்னால் நான் கண்ணால் கண்ட ஒன்றைத் தங்களிடம் சொல்லியாக வேண்டும். பொறுத்துப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. அன்புக்கரசிக்கு வயது பத்தொன்பது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். நடக்க இயலாது, பேச்சு வராது. கைகள் அவள் நினைத்த இடத்துக்குப் போகாமல் தாமாகத் துள்ளும். ஆமாம் என்றால் கண்ணை மூடித் திறப்பாள். இல்லை என்றால் தலையைத் திருப்புவாள். இந்த இரண்டை வைத்துத்தான் நானும் என் மனைவி கண்ணம்மாளும் இத்தனை வருடம் அவளோடு பேசி வந்தோம்.

2. சென்ற மாதம் திண்டுக்கல்லில் தங்கள் திட்டத்தின் முகாம் நடந்தது. எழுத்தைத் தட்டினால் அதை வாய்விட்டுப் படிக்கும் டேப்லெட் தருகிறார்கள் என்று அழைத்துப் போனோம். மேசையில் ஐந்தாறு விதமான விசைப்பலகைகள் வைத்திருந்தார்கள். ரோஸ் நிறத்தில் இலேசாக, அழகாக ஒன்று இருந்தது. பெண்பிள்ளைக்கு இது பொருத்தமாக இருக்கும் என்று அதைக் கையில் எடுத்துவிட்டேன். பயிற்சியாளர் முஹ்சினா அவர்கள் என்னிடமிருந்து அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, நமக்குப் பிடிச்சா போதாதுண்ணே, அவ கைக்குப் பிடிக்கணும் என்றார்கள்.

3. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். மெல்லியதில் அவள் கை விழுந்தால் ஒரு வரிசை எழுத்து முழுவதும் அமுங்கிவிட்டது. ரோஸ் நிறத்தது கை பட்டதுமே மேசையை விட்டு ஓடியது. கடைசியில் கறுப்பாக, செங்கல் கனத்தில் ஒன்றை வைத்தார்கள். பார்க்கச் சகிக்காது. எழுத்துக் கட்டைகள் பெரியவை, இடைவெளி விட்டவை. மேலே ஒரு தகடு, ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு துளை. கையைத் தகட்டின் மேல் ஊன்றிக்கொள்ளலாம், எழுத்து அமுங்காது. விரல் துளைக்குள் இறங்கினால்தான் அமுங்கும். விரல் நடுங்கி நாலு தடவை பட்டாலும் எழுத்து ஒன்றுதான் விழும்.

4. அவள் கையை ஊன்றினாள். அந்தக் கை அமைதியாக நின்றதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. கழுத்தெல்லாம் வியர்த்து, உதட்டைக் கடித்து, ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே நான் ஒரு அடுப்பு பற்றவைத்துவிடலாம், அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள். கடைசியில் டேப்லெட் பேசியது. அப்பா என்றது.

5. ஐயா, கண்ணம்மாள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மகள் நிறுத்தவில்லை. மேலும் தட்டினாள். "அப்பா குழம்புல புளி ஜாஸ்தி" என்று அந்தப் பெட்டி சபையறியச் சொன்னது. முகாமே சிரித்தது. என் கருவாட்டுக் குழம்புக்காக ஆத்தூரிலிருந்து வண்டி போட்டுக்கொண்டு வருகிறார்கள். அந்தக் குழம்பைத்தான் பெற்ற பிள்ளை குறை சொன்னாள். அடேயப்பா, அந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

6. தினமும் நான்தான் அவளுக்கு ஊட்டுகிறேன். சில வாய்க்குப் பிறகு முகத்தைத் திருப்புவாள். வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டை எடுத்துவிடுவேன். அது வயிறு நிறைந்தது இல்லை, புளி. அன்று முதல் அவள் சொன்னபடி புளியைக் குறைத்துத்தான் குழம்பு வைக்கிறேன். வாடிக்கையாளர்கள் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும். அவள் தட்டு காலியாகிறது.

7. எழுத்து எப்போது கற்றாள் என்று இன்றும் பிரமிப்பாக இருக்கிறது. சிறுவயதில் பயிற்சி மையத்தில் எழுத்து அட்டைகளைக் காட்டினார்கள். வாய் திறந்து பதில் சொல்லாததால் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டார்கள், நாங்களும் நம்பினோம். பகலெல்லாம் கல்லாவுக்குப் பக்கத்தில் அமர்ந்து டிவியில் ஓடும் செய்தி எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். படம் பார்க்கிறாள் என்று நினைத்தோம். பிள்ளை படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

8. இனி புகார். அன்று முகாமில், புளியைச் சொன்ன பிறகு, அவள் மறுபடியும் தட்டத் தொடங்கினாள். "அப்பா நான்" என்பது வரை வந்தது. அந்நேரம் விநியோக ஊழியர் ஒருவர் வந்து, அது காட்சிக்கு வைத்த மாதிரிப் பொருள் என்று சொல்லி, அவள் கைக்கு அடியிலிருந்தே அதை உருவிப் பெட்டியில் வைத்துவிட்டார். எல்லோருக்கும் ஒரே மாதிரி மெல்லியதுதான் வந்திருக்கிறதாம். இதுலயும் எல்லா எழுத்தும் இருக்குல்லண்ணே, வாங்கிட்டுக் கெளம்புங்க என்றார். நான் சத்தம் போட்டது உண்மை. கடைக்காரன் தொண்டை, மெதுவாகப் பேச வராது. முஹ்சினா அவர்களும் எடுத்துச் சொன்னார்கள், பயனில்லை.

9. வீட்டில் அந்த மெல்லியதை வைத்துக் கொடுத்தோம். கை விழுந்து விழுந்து, டேப்லெட் ஏதேதோ உளறியது. தன் பெயரில் வெளிவரும் அந்த உளறலைக் கேட்டு அவள் கண்ணை இறுக்கிக்கொண்டாள். இப்போது அதைப் பக்கத்தில் கொண்டுபோனாலே தலையைத் திருப்புகிறாள். பட்டறை வைத்திருக்கும் நாச்சிமுத்து துளைபோட்ட தகடு ஒன்றை அதற்குச் செய்து தந்தார். கட்டைகள் பொடியாக இருப்பதால் துளையும் பொடியாகி, அவள் விரல் உள்ளே இறங்கவில்லை. திண்டுக்கல்லில் ஒரு கடை விடாமல் கேட்டுப் பார்த்துவிட்டேன். அப்படி ஒன்று இருப்பதையே யாரும் அறியவில்லை.

10. "அப்பா நான்" என்பதற்குப் பிறகு என்ன என்று தினமும் கேட்கிறோம். வலிக்குதா தாயி? எங்கயாச்சும் போகணுமா? படிக்கணுமா? எங்க மேல கோவமா? எல்லாவற்றுக்கும் தலையைத் திருப்புகிறாள். எனக்குத் தெரிந்த கேள்விகள் தீர்ந்துவிட்டன ஐயா. இத்தனை வருடம் நான் கேட்டதற்கு மட்டும்தான் அவள் பதில் சொல்லியிருக்கிறாள். எனக்குக் கேட்கத் தெரியாத ஒன்று அவளிடம் இருக்கிறது.

ஆகவே, அந்தக் கறுப்பு விசைப்பலகையை, மாதிரியாக வைத்திருந்ததையே ஆனாலும், என் மகளுக்குக் கிடைக்கச் செய்யும்படி மிகவும் பணிந்து வேண்டுகிறேன். அவள் சொல்லவந்தது என் மேல் புகாராகவே இருந்தாலும் சரி, கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்து கேட்பேன்.

மனுவில் மகளின் கைரேகையும் இருந்தால் நல்லது என்று தெரிந்தவர்கள் சொன்னதால், மைப்பெட்டியை எடுத்து அவளிடம் போனேன். விரல்களை மடக்கிக்கொண்டாள். எழுதத் தெரிந்தவளிடம் ரேகை கேட்டது என் தவறு. அந்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

இடம்: சித்தையன்கோட்டை
நாள்: 14.07.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ச. மலைச்சாமி (ஒப்பம்)

பயனாளி ம. அன்புக்கரசி: ........................
(விசைப்பலகை வந்ததும் அவளே எழுதுவாள்.)