பாலத்துக்கு நான் எழுதிய வார்த்தை

அன்புள்ள வசந்தி அக்கா,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. வெள்ளச் சேதத்தை இணைய வரைபடத்தில் குறிக்கும் நம் குழு, போன வாரம் உங்கள் சொற்பட்டியலை ஏற்றுக்கொண்டது. இனி எல்லோரும் நீங்கள் வகுத்த நாலு குறிச்சொற்களைத்தான் எழுத வேண்டும். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கை கூசியது.

கொள்ளிடம் பெருகிய வாரம் நினைவிருக்கிறதா? ஒருவர் 'உடைப்பு' என்று எழுதினார், இன்னொருவர் 'சேதம்' என்றார். நீங்கள் ஃபோனில் கெஞ்சினீர்கள்.

"ஆளுக்கொரு வார்த்தை போட்டா தேடுறவங்க எதைன்னு தேடுவாங்க தம்பி? வண்டி போகாத இடம்னா 'வழி இல்லை'ன்னு மட்டும் போடு."

"சரிக்கா" என்றேன். ஆனால் வடகரையில் ஒரு வாய்க்கால் பாலத்துக்கு 'பாதி இடிந்தது' என்று எழுதினேன். அங்கிருந்து வந்த புகைப்படத்தில் பார்த்ததை அப்படியே சொல்வதுதான் சரி என்று ஒரு வீம்பு.

மூடிய சாலைகளின் பட்டியலை நீங்கள் 'வழி இல்லை' என்று தேடி எடுத்தீர்கள். என் பாலம் அதில் வரவில்லை. அந்தப் பட்டியலை நம்பி டயாலிசிஸுக்குக் கிளம்பிய ஒரு பெரியவரின் வண்டி, பாலம் வரை போய்த் திரும்பி, சுற்றிக்கொண்டு திருச்சி வருவதற்குள் அவருக்கு மூச்சு முட்டிவிட்டது. பிழைத்துக்கொண்டார். ஆனால் பல நாள் ஐசியுவில் கிடந்தார்.

அவருடைய மகள் நம் கூட்டத்துக்கே வந்துவிட்டார். "யாருங்க இந்த லிஸ்ட்டைப் போட்டது?"

"நான்தாம்மா" என்று எழுந்து நின்றீர்கள். அவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தேன்.

மறுநாள் கூப்பிட்டு, "அந்தப் பாலம் பத்தி எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டீர்கள்.

"இல்லக்கா."

"சரி, சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிட்டீர்கள். அடுத்த மாதம் மாரடைப்பு வந்து போய்விட்டீர்கள்.

பழைய பதிவுகளைப் புதிய சொற்களுக்கு மாற்றும் வேலையை இப்போது எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். முந்தாநாள் அந்தப் பாலத்தைத் திறந்தேன். நீங்கள் ஏற்கெனவே 'வழி இல்லை' என்று திருத்தியிருந்தீர்கள், அந்தக் கூட்டத்துக்கு முந்தின நாளே. முதலில் பதிந்தவன் என்று அங்கே என் பெயர் இருக்கிறது. தெரிந்தேதான் எழுந்து நின்றீர்களா அக்கா? நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தீர்களா?

நேற்று எடமலைப்பட்டி புதூரில் அந்த மகளின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டவில்லை. "அந்தம்மாவை அவ்வளவு பேசிட்டேனேங்க. அவங்க இருக்கும்போது வந்து சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அழுதார்.

நான் துக்கம் கேட்க வந்தபோது உங்கள் கணவர், "எதையும் ரெண்டு தடவை பாக்குறவ, அன்னிக்கு எப்படித் தப்பு விட்டான்னே தெரியல" என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இதை ஊரறிய எழுதுகிறேன். ஆனால் உங்கள் கணவர் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. நாளைக் காலை ஸ்ரீரங்கம் வந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். கதவைச் சாத்தினாலும் வாசலில் நின்று முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன். அதன் பிறகே இந்தக் கடிதத்தை வெளியிடுவேன்.

உங்கள் கூடப் பிறக்காத தம்பி,
சேகர்
கே.கே. நகர்