நாற்பத்தோராவது பெட்டியில் இருந்த பல்

என் குசினி மேசை முழுக்க உம்முடைய பற்கள் கிடக்கின்றன. கோடி வருடத்துக்கு முன் அழிந்துபோன சுறாக்களின் கறுத்த, சாம்பல் நிறப் பற்கள். ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டியில். ஒவ்வொன்றின் கீழும் உம்முடைய சரிந்த கையெழுத்தில் ஒரு சீட்டு. பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்பதற்காக மூன்று நாளாக ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். இன்று காலை நாற்பத்தோராவது பெட்டியைத் திறந்தேன். அதற்குப் பிறகு பேனையைத் தொடவில்லை. போட்ட தேத்தண்ணி ஆறிப் போய் அப்படியே இருக்கிறது.

அது சுறாப் பல் இல்லை. வெள்ளையாக, அரிசியை விடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு குழந்தையின் பால்பல். மற்றவற்றுக்கு எழுதுவதுபோலவே அதற்கும் சீட்டு எழுதியிருக்கிறீர். "பால்பல். கீழ் முன்பல், இடது. கல்லடி, மட்டக்களப்பு. நத்தார், 25 டிசம்பர் 2004. எடுத்தவர்: டிலானி, வயது ஆறு. கூரையில் எறிய இருந்தது."

எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது. யாரப்பா இந்த டிலானி? பதினைந்து வருடம் மொன்ட்ரியாலை ஒட்டிய லொங்குய்யில் ஒரே பிஸ்கற் பக்டரியில் உம்முடன் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்கினேன். உம்முடைய முழங்கால் நோவும் தெரியும், உம்முடைய குறட்டையும் தெரியும். தனிக்கட்டை என்றுதான் உம்மை நினைத்திருந்தேன். நீரும் அப்படியே நினைக்க விட்டுவிட்டீர்.

உம்முடைய அக்காவுக்கு அழைத்தேன். உம்மைப் புதைத்து ஆறு கிழமைதான் ஆகிறது. மொன்ட்ரியால்-நோரில் உம்முடைய அறையைக் காலி செய்தபோது, "இந்தக் கறுத்தப் பல்லெல்லாத்தையும் நீங்களே கொண்டுபோங்க தம்பி, எனக்குப் பாக்க ஒரு மாதிரி இருக்கு" என்று என் காருக்குள் ஏற்றிவிட்டவர் அவர்தான். சீட்டை வாசித்துக் காட்டினேன்.

"அது அவண்ட புள்ள" என்றார். "உங்களுக்கு அவன் சொல்லல்லையா? நத்தாருக்குப் பலகாரம் கடிக்கக்குள்ள விழுந்த பல்லு. இருட்டிப் போச்சு, விடியட்டும், காலம கூரையில எறிவம் எண்டு வாங்கிச் சேட்டுப் பொக்கற்றுக்க போட்டவன். விடியச் சேட்டப் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனான். திரும்பி வரக்குள்ள கடல் வந்து போயிட்டு. பொஞ்சாதியும் இல்ல, புள்ளயும் இல்ல, வீடும் இல்ல."

சுனாமி என்ற சொல்லை உம்முடைய வாயால் ஒரு நாளும் கேட்டதில்லை. மட்டக்களப்பான் ஒருவனிடம் அதைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று எனக்கும் ஒரு நாளும் தோன்றவில்லை. யாழ்ப்பாணத்து வாய் எனக்கு. ஊர்ச் சண்டை பிடித்து உம்மைச் சீண்டவே நேரம் போதவில்லை.

ஒவ்வொரு கோடையும் பல் பொறுக்க, பத்து, பதினொரு மணித்தியாலம் கார் ஓடி அமெரிக்காவின் மேரிலாந்துக் கரைக்குப் போவோம். திரும்பி வரும்போது எல்லையில் அதிகாரி, என்ன கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டால், "பல்லு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வீர். அந்த மனிதன் உம்முடைய வாயைப் பார்ப்பான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. ஆனால் அந்தக் கரையில் நீர் ஒரு நாளும் கால் நனைத்ததில்லை. நீளப் பிடி போட்ட அரிதட்டால், தள்ளி நின்றபடியே மணலை அள்ளி அரிப்பீர். "வாவிக்கரையில பிறந்தவனுக்குத் தண்ணிப் பயமோ?" என்று பகிடி பண்ணுவேன். "சப்பாத்து நனையும் மச்சான்" என்பீர். நான் அதையும் நம்பினேன்.

ஒரு தரம் கேட்டேன், இவ்வளவு பெரிய மிருகத்தின் மற்ற எலும்பெல்லாம் எங்கே என்று. ஒரு பல்லைத் துடைத்தபடி சொன்னீர்: "சுறாவுக்கு எலும்பு இல்ல மச்சான், குருத்துத்தான். உடம்பெல்லாம் கரைஞ்சு போகும். பல்லு மட்டும்தான் மிஞ்சும்." நான் அடுத்த சான்விச்சை எடுத்துக் கடித்தேன்.

இனி நான் சொல்லப்போவது உமக்குத் தெரிந்த கதை. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய கோடையில்தான் என் மகள் மதுராவை முதன்முதலில் அந்தக் கரைக்குக் கூட்டிவந்தேன். அவளுக்கும் அப்போது ஆறு வயது. குடாக்கடல், அலை என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. முழங்காலளவு தண்ணீரில் நின்று துள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு படகு போனது. அதன் பின்னால் கொஞ்சம் தடித்த அலை ஒன்று வந்தது. அரிதட்டை எறிந்துவிட்டுச் சப்பாத்தோடு தண்ணீருக்குள் பாய்ந்தீர். அவளுடைய கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் பிள்ளை மணலில் விழுந்து வீரிட்டாள். கையில் உம்முடைய ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"என்ன விசரோ உமக்கு? பிள்ளை குட்டி எண்டு ஒண்டு இருந்தால்தானே தெரியும், ஒரு பிள்ளையை எப்பிடிப் பிடிக்கிறதெண்டு!"

கடற்கரையில் நின்ற வெள்ளைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். நீர் நனைந்த காற்சட்டையோடு நின்றீர். உதடு ஒருக்கால் அசைந்தது.

"ஓம் மச்சான். எனக்கென்ன தெரியும்" என்றீர்.

ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாமே! எனக்கு ஒரு மகள் இருந்தாள் என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே உம்முடைய காலில் விழுந்திருப்பேன். நீர் அரிதட்டைக் கழுவி டிக்கிக்குள் வைத்தீர். வீடு வரும் வரை நீரே காரை ஓட்டினீர். திங்கட்கிழமை வழமைபோல எனக்கும் சேர்த்துக் கோப்பி வாங்கிக்கொண்டு வந்தீர். நானும் அது முடிந்த கதை என்று குடித்தேன். ஒன்பது வருடம் குடித்திருக்கிறேன், வெட்கமில்லாமல்.

இன்று அக்காவிடம் அதைச் சொல்லத் தொடங்கினேன். "அக்கா, ஒருமுறை கடற்கரையிலை..." அதற்குள் அவரே சொன்னார்.

"உங்கட மகளிண்ட கையப் பிடிச்சு இழுத்த கதைதானே? வந்த உடன சொன்னவன். சின்னப் புள்ளய நோகப்பண்ணிப்போட்டன், தகப்பன் ஒரு வார்த்தை ஏசல்ல, நல்ல மனிசன் எண்டு சொல்லிச் சொல்லி அழுதவன்."

நான் சொன்னதை நீர் உம்முடைய சொந்த அக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதோடு நிற்காமல், நான் ஏசவே இல்லை என்று பொய்யும் சொல்லியிருக்கிறீர். "ஓம், அதுதான்" என்று மட்டும் அக்காவுக்குச் சொன்னேன். அவருக்கு உண்மையைச் சொல்லவும் எனக்குத் துணிவு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து டிலானியின் பல்லை எடுத்துக்கொண்டு போவார். மற்றவை பல்கலைக்கழகத்துக்குப் போகும்.

மதுராவுக்கு அந்த நாள் சரியாக நினைவில்லை. கரையில் நின்ற வெள்ளைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆக, நான் சொன்னதை விளங்கிக் கேட்டவர் இந்த உலகத்தில் நீர் ஒருவர்தான். அதை யாருக்கும் காட்டாமல் கொண்டுபோய்விட்டீர். என்னை நல்ல மனிதன் என்று ஒரு வீடு இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த நல்ல பெயரை நீர் எனக்குத் தந்துவிட்டுப் போயிருக்கிறீர், மச்சான். அதைத் திருப்பித் தர ஆளைக் காணவில்லை.