பயிற்சிக்குக் கீறிய வாய்க்கால்

நான் கீறிய கோடெல்லாம் அடுத்த நாளே நிலத்தில் வந்துவிடும் என்று நம்பிய என் அப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்டால் சிரிப்பீர்கள். "செத்தவனிட்டச் சுகம் கேக்கிறாள், இவளுக்குக் கந்தோரிலை சம்பளம் வேறை குடுக்கிறாங்கள்" என்று அம்மாவிடம் சொல்லுவீர்கள். அதனால் கேட்கவில்லை. உங்களுக்குச் சொல்ல ஒரு பெரிய சேதி வைத்திருக்கிறேன். முதலிலேயே சொன்னால் மிச்சத்தைக் கேட்காமல் வயலுக்கு ஓடிவிடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் சனசமூக நிலையத்து மலரில் இந்தக் கடிதத்தைப் போடப்போகிறார்கள். உங்களைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள். ஆகவே உங்களுக்குத் தெரிந்த கதையையும் ஒருக்கால் சொல்ல வேண்டியிருக்கிறது. நடுவில் "அப்பிடியில்லை, இப்பிடி" என்று குறுக்கே விழ வேண்டாம்.

பூவரசங்குளத்தில் எங்கள் வயல், வாய்க்கால் முடிந்த இடத்துக்கும் அப்பால் கிடக்கிறது. குளத்துத் தண்ணீர் சின்னராசா மாமாவின் வரம்பு வரை வந்து நின்றுவிடும். மழையை நம்பிக் காலபோகம் மட்டும் விதைப்போம். மழையில்லாத சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீரால் ஊரெல்லாம் பச்சையாய் நிற்க, எங்கள் வயலில் அடுத்த வீட்டு மாடுகள் படுத்து அசைபோடும். "ஒருக்கா எண்டாலும் இந்த மண்ணிலை சிறுபோகம் பாக்கவேணும்" என்று சொல்லிச் சொல்லியே உங்கள் தலை நரைத்தது.

தண்ணீர் வர வேண்டுமென்றால் சின்னராசா மாமாவின் காணிக்குள்ளால் வர வேண்டும். அவரோடு உங்களுக்குக் கோபம். அவருடைய மாடு எங்கள் நெல்லை மேய, நீங்கள் மாட்டைப் பிடித்துக் கட்ட, அவர் கயிற்றை வெட்டிக்கொண்டு போக, அன்றோடு இருவருக்கும் கதைபேச்சு நின்றது. அந்த மாடு செத்தது, அதன் கன்றும் கிழடானது, உங்கள் இருவரின் கோபம் மட்டும் குமராகவே இருந்தது.

அந்த நாட்களில்தான் வவுனியாவில் நான் படம் கீறும் நீர்ப்பாசனக் கந்தோருக்குக் கொம்பியூட்டர்கள் வந்தன. குளம், வாய்க்கால் எல்லாவற்றையும் பென்சிலால் வரைபலகையில் கீறிக்கொண்டிருந்த எங்களை இனிப் புது மென்பொருளில்தான் கீற வேண்டும் என்றார்கள். படிப்பிக்க ஆள் வராது, பாடம் இன்ரநெற்றில் வரும் என்றார்கள். வந்த முதல் பாடம் பல மாடிக் கட்டடத்துக்கு லிப்ற் வைப்பது. வவுனியா முழுக்கத் தேடினாலும் எங்களுக்கு லிப்ற் ஏறிய ஆள் கிடைக்காது! எங்கள் பெரிய எஞ்சினியர் கோபத்தில் கொழும்புக்கு ஒரு ஈமெயில் போட்டார்.

அதற்குப் பிறகு எங்களுக்கென்றே பாடம் செய்து அனுப்பினார்கள். குளக்கட்டு, தண்ணீர் திறக்கும் துருசு, வாய்க்கால், எல்லாம் தமிழில். பயிற்சித் தாள் ஒவ்வொன்றின் மூலையிலும் எங்கள் கந்தோர்ப் பெயரும் சின்னமும். ஆளுக்கு ஆள் பாடமும் வேறு. யார் எதில் பிழை விடுகிறாரோ அவருக்கு அந்தப் பாடம் திரும்பத் திரும்ப வரும். எனக்கு நிலத்தின் சாய்வு பார்க்கும் பாடம் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது.

கந்தோரில் இருந்தது ஒரேயொரு ரெலிபோன் லைன். பாடம் இறங்கும் வரைக்கும் ஒருவரும் கோல் எடுக்க ஏலாது. நீங்கள் சந்திக் கடையிலிருந்து அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, நான் வீட்டுக்கு வந்ததும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு விசாரணை தொடங்குவீர்கள்.

"ஆரோடை பிள்ளை அவ்வளவு நேரம் கதைச்சனீ?"

"பாடத்தோடை அப்பா."

"பாடத்துக்கு எந்த ஊர்?"

கடைசிப் பயிற்சிதான் வினையாகப் போனது. "உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நிலத்துக்கு வாய்க்கால் அமையுங்கள்" என்று வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த நிலம் வேறெது? கந்தோரிலிருந்த அளவைப் படத்தை எடுத்து, சின்னராசா மாமாவின் வரம்பிலிருந்து எங்கள் வயலுக்கு ஒரே நேர்கோடாக இழுத்துவிட்டேன். பிழை பார்க்கப் பிறின்ற் எடுத்துக்கொண்டு வந்து வீட்டு மேசையில் வைத்தேன். விடிய எழும்பினால் நீங்கள் தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தபடி இருக்கிறீர்கள்.

"இது எங்கட வயலெல்லே?"

"ஓம். ஆனா அது பயிற்சிக்குக் கீறினது அப்பா."

"கந்தோர்ச் சின்னம் கிடக்கு."

"பாடத்திலை எல்லாத் தாளிலையும் அது கிடக்கும்."

"உன்ர பேரும் கிடக்கு. வாய்க்காலும் கிடக்கு. பிறகென்ன?"

பயிற்சி என்ற சொல் கீழே எறும்பளவு ஆங்கில எழுத்தில் கிடந்தது. அதை நான் காட்டுவதற்குள் நீங்கள் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டீர்கள். நான் வேலையால் வரும்போது பஸ்ஸிலேயே இரண்டு பேர் கேட்டார்கள், வாய்க்கால் எப்போது தொடங்குகிறார்கள் என்று. மானம் போகிறதே என்று தலையைக் குனிந்துகொண்டு இறங்கினேன்.

வேலியடியில் சின்னராசா மாமா நின்றார்.

"ஆரைக் கேட்டுப் பிள்ளை என்ர மாட்டுக்கொட்டிலுக்குள்ளால வாய்க்கால் விட்டனீ?"

நான் வாய் திறக்க முதல் வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற நீங்கள் என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்: "பிள்ளை, அவரிட்டச் சொல்லு, இது கந்தோர் அலுவலெண்டு."

அவர் என்னைப் பார்த்தார். "உன்ர கொப்பரிட்டச் சொல்லு பிள்ளை, கந்தோரும் மாடு வளத்தால்தான் தெரியுமெண்டு."

நீட்டினால் கை முட்டும் தூரத்தில் இருவரும் நின்று, எல்லாவற்றையும் எனக்கூடாகவே கதைத்தீர்கள். அந்த ரெலிபோன் லைன் பட்ட பாட்டை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். ஆனால் ஒன்று கவனித்தேன் அப்பா. வாய்க்கால் வரக்கூடாது என்று அவர் சொல்லவேயில்லை. கொட்டிலுக்குள்ளால் வரக்கூடாது என்றுதான் சொன்னார்.

அடுத்த நாள் கோட்டைக் கொட்டிலைச் சுற்றி வளைத்தேன். "திருத்தவும்" என்று சிவப்பெழுத்தில் திரை சொன்னது. வளைத்த கோடு வைரவர் இருக்கும் வேம்பில் முட்டுகிறது என்று நீங்கள் சொன்னீர்கள். அதையும் வளைத்தேன். மாமாவின் பெண்சாதி தன் பயற்றங்கொடியைக் காட்டி அழுதா. அங்கேயும் ஒரு வளைவு. திரை முழுக்கச் சிவப்பு. இந்தப் பயிற்சியில் தேறினால்தான் எனக்கு நிரந்தர வேலை. உங்களுக்கோ அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. "கொம்பியூட்டருக்கு வயலைப் பற்றி என்ன தெரியும்?" என்றுவிட்டு வெற்றிலை போட்டீர்கள்.

கடைசியில் படத்தைத் திரையில் பார்க்க வேண்டும் என்று இருவரும் கந்தோருக்கே வந்துவிட்டீர்கள். ஒரே பஸ், நீங்கள் முன் சீற்றில், அவர் பின் சீற்றில். நான் கதிரை போட்டு இருத்தி, கோட்டைப் பெரிதாக்கிக் காட்டினேன். நீங்கள் திரையில் விரலை வைத்து வைரவரைத் தேடினீர்கள். அவர் எட்டி எட்டிக் கொட்டிலைத் தேடினார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்த் திரை கறுப்பானது.

"டேய் சின்னராசா! வாய்க்கால் அழிஞ்சு போச்சடா!"

"கத்தாதை கந்தையா! அழிஞ்சா பிள்ளை திரும்பக் கீறுவாள்தானே."

கந்தோர் முழுக்கச் சிரித்தது. நீங்கள் இருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஆளையாள் பார்த்தீர்கள். நேருக்கு நேர் கதைத்துவிட்டோம் என்று அப்போதுதான் விளங்கியது போலும். திரும்பிப் போகும்போது ஒரே சீற்றில் இருந்தீர்களாம், கொண்டக்டர் சொன்னார்.

வளைந்த கோட்டையே அனுப்பினேன். பாடத்தைச் செய்த றிஸானா மிஸ், ஈமெயிலில் தமிழெழுத்து வராததால் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துக் கேட்டிருந்தா: இந்த வாய்க்கால் ஏன் இப்படிப் பாம்பு மாதிரிப் போகிறது? கொட்டில், வைரவர், பயற்றங்கொடி, எல்லாவற்றையும் எழுதினேன். பெயில் என்றுதான் நினைத்துக்கொண்டு இருந்தேன். பதில் வந்தது. "நான் முல்லைத்தீவுப் பிள்ளை. இடம்பெயர்ந்து புத்தளத்திலை வளந்தன். எங்கட வாப்பான்ர வயலுக்கும் தண்ணி இப்பிடித்தான் வளைஞ்சு வளைஞ்சு வந்தது. நீங்க பாஸ். இந்தப் படத்தை மற்றக் கந்தோர்ப் பாடத்துக்கு உதாரணமாப் போடட்டா?"

அன்றைக்கு நீங்கள் போட்ட ஆட்டம்! "என்ர வயல் இன்ரநெற்றிலை ஓடுது" என்று சந்திக் கடை முழுக்கச் சொல்லித் திரிந்தீர்கள். அறுவடை முடியட்டும், கந்தோர் வெட்டாவிட்டால் நானும் சின்னராசாவும் வெட்டுவோம் என்றீர்கள். அறுவடை முடிந்தது. சூடடித்த நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்த கையோடு நெஞ்சு நோகிறது என்று படுத்தீர்கள். வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் வரைக்கும்கூட உங்களுக்குப் பொறுமை இல்லை. எதற்கப்பா அவ்வளவு அவசரம்? எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து ஆட்கள் போன பிறகு, சின்னராசா மாமா மண்வெட்டியோடு முற்றத்தில் வந்து நின்றார். "அந்தப் படத்தை எடு பிள்ளை" என்றார். அவரும் அவருடைய மருமக்களும் நானுமாகக் கயிறு பிடித்து, நான் கீறிய கோட்டிலேயே வெட்டினோம். குளத்துத் தண்ணீரைப் பங்கிடும் போகக் கூட்டத்தில் எங்களுக்கும் தண்ணீர் முறை தரவேண்டும் என்று எழும்பி நின்று கதைத்ததும் அவர்தான். நீங்கள் இருந்திருந்தால் கூட்டத்தில் சண்டை பிடித்திருப்பீர்கள்.

இனிச் சேதியைச் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் வந்தது, அப்பா. கொட்டிலைச் சுற்றி, வைரவரைச் சுற்றி, பயற்றங்கொடியைச் சுற்றி, ஒவ்வொரு வளைவிலும் நின்று யோசித்து யோசித்து வந்தது. நானும் அம்மாவும் எங்கள் வரம்பில் நின்றோம். மேலே மடையைத் திறந்துவிட்ட சின்னராசா மாமா, இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு எங்கள் வயலைப் பார்த்துக் கத்தினார்:

"கந்தையா! தண்ணி வருதடா! வரம்பைப் பார்!"

கத்தின பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. அப்படியே மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வாய்க்காலிலேயே குந்திவிட்டார். நான் "ஓம் மாமா, பாக்கிறன்!" என்று திருப்பிக் கத்தினேன். வேறென்ன செய்ய?

சிறுபோகம் விதைத்துவிட்டோம். இப்போது அந்த மென்பொருள் எனக்குக் கைவந்த வேலை. ஒரு தட்டுத் தட்டினால் எந்த வளைந்த கோடும் நேராகிவிடும். ஆனால் உங்கள் மேல் ஆணையாகச் சொல்கிறேன், எந்த எஞ்சினியர் வந்து கேட்டாலும் இந்த வாய்க்காலில் ஒரு வளைவைக்கூட நான் நிமிர்த்தமாட்டேன்.

வரம்பைப் பார்த்துக்கொண்டு நிற்கும்,
உங்கள் மூத்த மகள்
மலர்