பனிக்கட்டிக்குக் கீழே ஓடும் ஆறு

மார்க்ஸ் டோர்மோய்,
பாரிஸ் 18.
29.01.1987

அன்புள்ள மகன் வாகீசனுக்கு,

அம்மாவும் பூரணி அக்காவும் நானும் இங்கே தேக சுகத்தோடு இருக்கிறோம். நீயும் எட்மன்டனில் அப்படியே இருக்கிறாய் என்று எழுத இம்முறை பேனா ஓடவில்லை, ஆகவே கேள்வியாகவே எழுதுகிறேன். சுகமாக இருக்கிறாயா?

உங்கள் ஆறு கரைக்குக் கரை உறைந்துவிட்டது, பஸ்ஸுக்குக் காத்து நிற்காமல் அதற்கு மேலாலேயே நடந்து வேலைக்குப் போகிறேன் என்று நீ எழுதியிருந்தாய். அதற்கு நான் பத்தாம் தேதி போட்ட பதில் இப்போது உன் கையில் இருக்கும். தாராளமாக நட, குளிர்நாட்டு ஆறுகள் தை மாதத்தில் தெரு மாதிரி, கோடையில் காய்ந்த கடல்நீரேரிக்கு மேல் நாங்கள் சைக்கிள் விட்டதைப் போலத்தான் என்று பெருமையாக எழுதினேன். மகன், அது பிழை. ஆறில்லாத ஊரில் பிறந்து கிணற்றையும் கடல்நீரேரியையும் பார்த்து வளர்ந்தவன் விட்ட பிழை. முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் நீலச் சோக்கால் உலகத்து ஆறுகளை எல்லாம் வரைந்தேன், நான் வரைந்த ஆறு ஒன்றாவது ஓடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டுக் கபிரியேலோடு கால்வாய்ப் பக்கம் நடக்கப் போனேன். அவர் புதுச்சேரிக்காரர், இங்கே தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர், உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். கால்வாயும் வெள்ளையாக உறைந்து கிடந்தது. படகுகளை ஏற்றி இறக்கும் மதகுக்குக் கிட்டே நான் குனிந்து குடை நுனியால் தட்டிப் பார்க்கப் போக, “மெஸ்யே வாத்தியார், அங்க வேணாம், தண்ணி ஓடுற இடத்துல ஐஸை நம்பாதீங்க” என்றார். அவர் சொல்லி முடிக்குமுன் குடை கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. இரண்டு அடி தள்ளிக் கல்லாய் இருந்த அதே பனிக்கட்டிதான். இழுத்தெடுத்த குடையில் கறுத்த தண்ணீர் வடிந்தது. “உங்க பையன் இதுலயா நடக்கிறான்?” என்று அவர் கேட்டார்.

அதன் பிறகு நூலகத்தில் இருந்து அவர் எடுத்துவந்த புத்தகத்தை இருவரும் இருந்து வாசித்தோம். அசையாமல் வைத்த பாலில் ஆடை தடிப்பாகப் படியும், ஆற்றிக்கொண்டிருக்கும் பாலில் படியாது, அல்லவா? குளமும் ஆறும் அப்படித்தான். உங்கள் ஆறு மலையில் பனிப்பாறைக்கு அடியில் பிறந்து சமவெளிக்கு இறங்கி வருவது. ஆடி மாதத்தில் அது அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் ஓடுகிறது என்று நீயே எழுதினாய், அது மலையை அரைத்த மா. மழை இல்லாமலே ஆனியில் பெருகும். மேலே உறைந்த பிறகும் கீழே ஓட்டம் நிற்பதில்லை, பனிக்கட்டியை அடிப்பக்கமாகவே தின்றுகொண்டு போகிறது. பாலத்துத் தூணருகிலும், நகரத்து வடிகால் விழும் இடத்திலும் இன்னும் மெல்லியது. மேலே கிடக்கும் பஞ்சுப்பனி போர்வை மாதிரிக் குளிரைத் தடுத்து அதைத் தடிக்கவும் விடாது. மலைப்பக்கத்துச் சூட்டுக் காற்று வந்தால் ஒரு பகலிலேயே நிலைமை மாறும். நேற்று நடந்த பாதை இன்றைக்குச் சாட்சி சொல்லாது.

திங்கட்கிழமை உனக்கு டெலிபோன் எடுத்தேன். வீட்டுக்காரப் பெண்மணி எடுத்து நீ வேலைக்குப் போய்விட்டாய் என்றா. எனக்கு இங்கிலீசு எல்லாம் எங்கோ ஓடிவிட்டது. “ஐஸ் நோ, பிரிட்ஜ் யெஸ்” என்று மூன்று தரம் கத்தினேன். ஓகே ஓகே என்று வைத்துவிட்டா. மறுநாள் யாரும் எடுக்கவில்லை. மூன்று நாளாக நீயும் திருப்பி எடுக்கவில்லை. “அப்பா, அவன் எப்ப தானாப் போன் எடுத்தவன்? சும்மா வீட்டை அளக்காமல் இருங்கோ” என்று அக்கா சிரிக்கிறாள். அம்மா சிரிக்கவில்லை. உன் கடிதத்தில் ஆற்றுக்கு மேலால் நடக்கிற அந்த வரியை மட்டும் விட்டுவிட்டுத்தான் அவவுக்கு வாசித்திருந்தேன், இன்று காலை எல்லாவற்றையும் சொன்னேன். “நடக்கச் சொன்னது நீங்கள்தானே, வேண்டாம் எண்டும் நீங்களே எழுதுங்கோ, நான் எழுதினால் பயந்த மனுசி எண்டு நினைப்பான்” என்று இந்தத் தாளைக் கொண்டுவந்து முன்னால் வைத்தா.

ஆகவே எழுதுகிறேன். என் முந்திய கடிதத்தைக் கிழித்துப் போடு. அப்பா சொன்னாரே என்று இன்னொரு நாளும் அதில் கால் வைக்காதே. சுற்றுவழியானாலும் பாலத்தால் போ, வேலைக்குப் பிந்தினால் பிந்தட்டும். இந்தக் கடிதம் உன்னிடம் வரப் பத்து நாள் செல்லும், அந்தப் பத்து நாளும் என் பழைய சொல்தான் உன்னிடம் இருக்கும் என்பது எனக்கு இருக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் செய்கிறது.

காதை மூடிக் கம்பளித் தொப்பி போடு, காலையில் சாப்பிடாமல் போகாதே. கடவுள் உன்னோடு நிற்கட்டும். நீண்ட பதில் வேண்டாம், ஒரு தபாலட்டையில் ‘பாலத்தால் போகிறேன்’ என்று மட்டும் எழுதி, எந்தத் தேதியில் இருந்து என்றும் போடு. அந்தத் தேதியை நான் பார்க்க வேண்டும்.

உன் அப்பா,
சி. தவரத்தினம்