மேலூரில் நான் முடிக்காத வரி

அன்பு மாப்ள சேவியர்,

நீ போய்ச் சேர்ந்தபிறகு முதல்முறையாக மேடை ஏறினேன். மேலூரில், கோவில் திருவிழா. எப்படிப் போச்சு என்று கேட்க நீ இல்லை, நானே சொல்லிவிடுகிறேன். சொதப்பல்.

ஊருக்கு நான் காமெடியன், நீ சர்ச்சுக்குப் பாட்டு எழுதுகிற வாத்தியார். என் ஒவ்வொரு ஜோக்கையும் மெட்டில் பாடிப் பார்க்க வைத்தது நீதான் என்று யாருக்குத் தெரியும்? மெட்டில் உட்காராத வார்த்தையை வெட்டச் சொல்வாய். "இம்புட்டுப் பேச்சு எதுக்குடா? எங்க சிரிக்கணும்னு கடைசி வார்த்தை சொல்லும். அதுவரைக்கும் மூஞ்சியில காட்டிக் கொடுக்காத." வளவளவென்று பேசி அறுத்துக்கொண்டிருந்தவனுக்கு அதற்குப் பிறகுதான் கைதட்டல் விழுந்தது.

மேலூரில் நீ எழுதிக் கொடுத்த தண்ணி லாரிப் பாட்டை எடுத்தேன். காதல் பாட்டு மாதிரியே போகுமே, அது.

"விடியும் முன்னே எழுந்து வந்தேன்,
வீதியெல்லாம் தேடி நின்னேன்,
என்னை விட்டு எங்க போன..."

இதற்கப்புறம் "தண்ணி லாரியே" என்று குடத்தைத் தூக்கிக் காட்டினால் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அன்றைக்கு மூன்றாவது வரியோடு பாட்டு நின்றுவிட்டது. கடைசி வார்த்தை வரவேயில்லை. எத்தனை மேடையில் பாடியிருக்கிறேன், அந்த வரிக்குள் இம்புட்டு இருந்தது ஏன் தெரியாமல் போச்சு? உனக்குத் தெரிந்துதான் எழுதினாயா?

முன்வரிசையில் ஒரு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தது. கும்பிடு போட்டு இறங்கிவிட்டேன். மைக்செட்காரர் வந்து மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, மதினி தவறிட்டாங்களா?"

என் வீட்டுக்காரி, உன் தங்கச்சி, கல்லுக்குண்டாட்டம் இருக்கிறாள். இதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு யார் இருக்கிறார்கள் மாப்ள? பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது அலங்காநல்லூரில் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பாட்டே வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் விட்டுவிட்டால் அது ஒப்பாரியாகவே நின்றுபோகும். நீ யாரையும் அழவைக்க எழுதவில்லையே. "வாரேன்" என்று சொல்லிவிட்டேன்.

அழமாட்டேன் என்று சத்தியம் பண்ண முடியாது. கடைசி வார்த்தையைச் சொல்லி முடிக்கிறவரை அழமாட்டேன், இது சத்தியம். அதற்கப்புறம் அழுதால், அந்தச் சிரிப்புச் சத்தத்தில் யார் கவனிக்கப் போகிறார்கள்?

இப்போது யாரும் அப்படிக் கூப்பிடாத
உன் மாப்ள,
பாண்டி