காரி குத்தும் பூழியன் குத்தும் குறித்துக் களத்தலைவர்க்கு விடுத்த ஓலை

ஆறு வற்றாதிருக்க. அரண் சாயாதிருக்க. தண்கரை நாட்டுப் பேரரசர், ஏழு துறைக்கும் உடையவர், செங்கதிர்ச் சேந்தர் ஆட்சி விளங்க, அவர்தம் தலையமைச்சர் வெண்ணாகனார், தண்கரைக்கும் கல்வரைக்கும் நடுவே புன்னைமேட்டில் போர்முரசு காக்கும் களத்தலைவர் கொற்றவேளார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் களத்து மணல் வெண்மை மாறாதிருக்க. தங்கள் முரசு முறை பிறழாது ஒலிக்க. இரு நாட்டாரும் ஒருங்கே மதிக்கும் தங்கள் சொல் என்றும் நடுவில் நிற்க. இன்று வளர்பிறை பன்னிரண்டாம் நாள். முழுமதி நாளில் தாங்கள் முரசை அறைவிக்குமுன் இவ்வோலை தங்கள் கையில் இருந்தாக வேண்டும். குதிரை வாயிலில் நின்று குளம்பால் தரையைக் கிளறுகிறது. அதைவிடப் பதற்றத்துடன் அமைச்சர் நிற்கிறார்.

நிற்கிறார் என்பதும் முழு உண்மையன்று. அமைச்சர் ஓரிடத்தில் நிற்பதுமில்லை, அமர்வதுமில்லை. மண்டபத்தின் இக்கோடிக்கும் அக்கோடிக்கும் நடந்தபடியே சொல்கிறார். எழுதுவோன் ஓலைநாயகம் கண்ணந்தை எழுத்தாணியும் ஏடுமாய் அவர் பின்னே ஓடி எழுதுவதால், எழுத்துக் கோணியிருப்பின் பொறுத்தருள்க. முன்னர் எழுதிய மூன்று ஏடுகளையும், தம் குற்றம் மென்மையாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்று அவரே கீறி எறிந்துவிட்டார். நடந்ததை நடந்தபடி எழுதுக, தம்மைக் காப்பாற்றும் வேலை வேண்டா என்பது அவர் கட்டளை. ஆகவே ஒளிவுமறைவின்றி எழுதப்படுகிறது.

நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர்த் தண்கரையில் நொச்சிக் காரியும் கல்வரையில் பாறைப் பூழியனும் குத்துப்போரில் எதிரற்றுத் திகழ்ந்ததும், ஒருவரையொருவர் களத்தில் சந்தியாமலே இருவரும் மாண்டதும் தாங்கள் அறிந்ததே. வாகை சூடிய நாளில் வீரன் ஈரக் களிமண் பலகையில் ஒரே ஒரு குத்து விட, அதைச் சூளையிலிட்டுச் சுட்டுக் காப்பது இரு நாட்டிலும் வழக்கம். சென்ற திங்கள் நம் இளவரசிக்கும் கல்வரை இளவரசர்க்கும் மணம் நிகழ்ந்தபோது, கல்வரையார் தம் சீர்வரிசையோடு பூழியனின் பலகையையும் பெருமையாய்க் கொணர்ந்தனர். விருந்தில் எவன் குத்து வலிது என்று பேச்செழுந்தது. நம் அமைச்சர் சும்மா இருந்திருக்கலாம். இருந்தாரில்லை. காரியின் பலகையையும் அவை நடுவே வருவித்து, இரு குழிகளிலும் நெல்மணிகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி அளந்து, காரியினது ஒன்பது நெல், பூழியனது ஆறு நெல் என்று உரத்து அறிவித்தார். அத்தோடு நில்லாமல், ஆறு நெல் ஆழத்துக்குத் தம் வீட்டுச் சமையற்காரியே மாவு பிசைவாள் என்றும் கூறினார். தண்கரையார் கைகொட்டிச் சிரித்தனர். கல்வரை மன்னர் பாதி உண்ட இலையை விட்டு எழுந்தார்.

அன்றே இரு மன்னரும் சூளுரைத்தனர். காரியின் பேரன் மருதனும் பூழியனின் பேரன் வரையனும் முழுமதி நாளில் புன்னைமேட்டில் மோதுவது, ஒருவன் எழாமல் கிடக்கும்வரை முரசு ஓயாதிருப்பது என்பது சூள். மருதனுக்கு மணமாகி இரண்டு திங்களே ஆகின்றன. புறப்படும் நாளில் விடைபெற வந்தவன், கையைச் சுருட்டி அமைச்சர்க்குக் காட்டி, அந்த ஒன்பது நெல்லின் பெயரைக் காப்பேன் என்று பூரித்துச் சொல்லிச் சென்றான். அன்றே அமைச்சர்க்குத் தம் அளவின்மேல் ஐயம் பிறந்தது.

முதலில் அவர் சூளைக்காரனை அழைப்பித்தார். காரியின் பலகையைச் செய்தவன் மகன் அவன். குத்தின் தடம் கடைசி வரிசையில் இருப்போர்க்கும் தெரியட்டும் என்று தன் தந்தை ஆற்று வண்டலை எண்ணெய் விட்டுக் குழைத்ததாகவும், கல்வரையாரோ மணல் கலந்த மலைமண்ணை ஒருநாள் முழுதும் உலர்த்திய பின்னரே குத்துக்கு வைப்பதாகவும் அவன் விண்ணப்பித்தான். இதை ஏன் முன்னமே சொல்லவில்லை என்று அமைச்சர் சீறினார். எவரும் கேட்கவில்லை என்று அவன் பணிந்து விடையிறுத்தான். வெண்ணெயில் விழுந்ததையும் செங்கல்லில் விழுந்ததையும் ஒரே நெல்லால் அளந்த அறிவாளி தாமே என்று அமைச்சர் தலையில் அடித்துக்கொண்டார்.

மண் பொய்த்தபின், இரு குத்தையும் தன் உடலில் வாங்கியவன் எவனேனும் உளனா என்று தேடச் செய்தார். ஒருவன் அகப்பட்டான். ஆலந்துறையில் கயிறு திரிக்கும் பரணியன். இளமையில் காரியிடமும், மறு ஆண்டு பூழியனிடமும் தோற்றவன். அமைச்சர் ஆள் அனுப்பாமல் தாமே தேரேறிச் சென்றார். சான்று உரைப்போர் வாய்மொழியை மாற்றாமல் வரைவது முறையாதலின், அவ்வாறே வரையப்படுகிறது. பரணியன் தன் விலாவைத் தடவிச் சிரித்தபடி உரைத்தது:

"காரி குத்து இந்தா இங்கதாங்க எறங்குச்சு. கொல்லன் சம்மட்டியேதான். மழ வந்தா இன்னமும் சுருக்குன்னு புடிக்கும். பூழியன் குத்தா? அது ஒண்ணும் நெனவில்லீங்களே. வலிச்ச மாதிரியே தெரியல."

இது கேட்டு அமைச்சர் முகம் மலர்ந்ததை எழுதுவோன் கண்டான். காரியே வலியன், அவையில் சொன்ன சொல் பிழைத்துக்கொண்டது என்று அவர் ஒரு கணம் மகிழ்ந்தார்; அந்த ஒரு கணத்தையும் எழுதுக என்கிறார். அப்போது அருகில் நார் கிழித்துக்கொண்டிருந்த பரணியன் மனைவி செம்பி, தலை நிமிராமல் உரைத்தது:

"அவருக்கு எப்பிடி நெனவிருக்கும்? மூணு நாளு கட்டையாக் கெடந்தாரு. நாலாம் நாளு கண்ண முழிச்சு என்னையப் பாத்து, 'நீ யாரம்மா'ன்னு கேட்டாரு. எங்களுக்குக் கல்யாணமாயி அஞ்சு மாசம் ஐயா அப்ப. எம் பேரு அவரு வாயில வர ஒரு மழக்காலம் போச்சு. எது பெரிய குத்துன்னு நீங்களே எழுதிக்கிடுங்க."

அமைச்சர் எழுந்து வெளியேறினார். தேரில் ஏறாமல் அரைக்காதம் நடந்தார். வழியில் சட்டென நின்று, மருதன் மனைவியின் பெயர் யாது என்று கேட்டார். எழுதுவோன் அறியான், தேர்ப்பாகனும் அறியான். அதற்காக எங்கள் இருவர்மீதும் எரிந்து விழுந்தார்.

திரும்பியதும் போரை நிறுத்துமாறு மன்னரை வேண்டினார். தண்கரை தாழ்ந்தது என்று ஒப்புவதினும் ஒரு வீரனை இழப்பது இலேசு என்று மன்னர் அருளிச்செய்தார். இனி எஞ்சியது ஒரு வழியே. ஐயம் தீர்க்கவே களத்தில் போர் என்பதும், அவையில் அளவு உரைத்தவன் அதைப் பொய்யென்று தானே மீட்டுக்கொண்டால் ஐயமும் போரும் ஒருங்கே ஒழியும் என்பதும் தாங்கள் காக்கும் களமுறை. பொய்யளவு உரைத்தவன் முத்திரை தாங்கலாகாது என்பதும் அம்முறையே. முப்பது ஆண்டு விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்ற அமைச்சர்க்கு மனம் வலிக்கிறது. மன்னர் சினத்துக்கு அஞ்சவும் செய்கிறார். நடையை மட்டும் நிறுத்தமாட்டேன் என்கிறார்.

ஆதலின், வெண்ணாகனார் அவையில் உரைத்த ஒன்பது நெல்லும் ஆறு நெல்லும் பொய்யெனத் தாமே மீட்டுக்கொள்கிறார். நொச்சிக் காரியின் குத்தினும் பாறைப் பூழியனின் குத்தே வலிது என்று, தண்கரை அமைச்சர் வாய்ச்சொல்லாகவே இரு படையும் கேட்கத் தாங்கள் படிப்பிக்க. கல்வரை மன்னரிடம், இலையை விட்டு எழச் செய்த குற்றத்துக்கு அவர் பொறுத்தருள வேண்டுவதாகத் தெரிவிக்க. முரசை அறையற்க, அதன் வாரைத் தளர்த்துக.

இவ்வோலைக் கட்டின்மேல் களிமண்ணில் பதிந்திருப்பது வெண்ணாகனார் மோதிரத்தின் கடைசிப் பதிவு. அதன் ஆழத்தை எவரும் நெல் வைத்து அளக்க வேண்டா. மோதிரம் இவ்வேடு முடிந்தவுடன் மன்னர் திருமுன் வைக்கப்படும்.

இன்னும் ஒன்று. போர் இல்லை என்றதும் மருதன் கொதிப்பான்; காரணம் கேட்டுத் தங்களோடு வழக்காடுவான். அவனிடம் வாதிட வேண்டா. அவன் மனைவியின் பெயரை மட்டும் கேட்க. குவளை என்று உடனே சொல்வான். அப்பெயர் அவன் வாயில் இருக்கும்போதே அவனை வீட்டுக்கு அனுப்புக. இது கட்டளை.