நான்கு மூலையிலும் மஞ்சள்

விவேக் நகர், பெங்களூர்
7.3.1999

அன்பு மகள் ரூபினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், புனேயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்தேன். ரிச்சர்ட்ஸ் டவுன் ஹாலில் நேற்று ஓவியக் கண்காட்சி தொடங்கிவிட்டது. எந்தப் படத்தை அனுப்பினேன் என்று போனில் கேட்டாயே, போன் கடையில் பின்னால் ஆட்கள் நின்றதால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

அனுப்பியது அந்தப் பெரிய பலகைதான், கோணித்துணி மேல் கிழிந்த போஸ்டரும், அப்பா அடுகோடிப் பட்டறையிலிருந்து கொண்டுவந்த தேய்ந்த உப்புத்தாளும் ஒட்டி, சாம்பலும் வெள்ளையுமாகப் பூசியது. உருவம் என்று எதுவும் கிடையாது. நடுவில் துரு நிறத்தில் ஒரே கீறல், கண் அங்கே போய் நிற்க வேண்டும் என்றுதான் மற்ற எல்லாவற்றையும் அடக்கி வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போயிருந்தபோது உன் ராதா அத்தை வந்திருக்கிறார். நல்ல காரியத்துக்கு வீட்டை விட்டுப் போகிற பொருளாயிற்றே என்று, புதுத்துணிக்கு வைப்பதுபோல் படத்தின் நான்கு மூலையிலும் மஞ்சளைக் குழைத்து வைத்துவிட்டார். அதைப் பார்த்த அப்பா பதறிப்போய் சோப்புத் தண்ணீரில் துடைக்க, மஞ்சள் சிவந்து ஆரத்தி நிறமாகிவிட்டது! நான் வந்து பார்க்கிறேன், நான்கு மூலையும் ஆளுக்கொரு பக்கம் கண்ணை இழுக்கிறது, நடுக்கீறல் செத்துக் கிடக்கிறது. அத்தையோ, பாரு யசோதா, இப்பத்தான் லட்சுமிகரமா இருக்கு என்கிறார்.

உனக்கே தெரியும், அத்தை முன்னால் நான் வாய் திறந்ததில்லை. தபாலில் நான் பி.ஏ. படித்த நாளெல்லாம் உன்னை மடியில் வைத்துக்கொண்டவர் அவர், நம் வீட்டில் முதல் பட்டம் வந்ததே அவரால்தான். அவர் மனம் நோகுமே என்று நினைத்தேன், படத்தையும் பார்த்தேன். அண்ணி, இது இருக்கக் கூடாது, உரிக்கப் போறேன் என்று சொல்லிவிட்டேன். நல்லதுக்கு வெச்சதை உரிப்பியா, படம் வந்து உங்கிட்ட கேட்டுச்சா என்றார். ஆமா அண்ணி, கேக்குது என்றேன். காபி கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். நான் மூலைகளை நனைத்து உரித்து, புதிதாக உப்புத்தாள் ஒட்டிக் காயவைத்தேன். கீறல் மறுபடி எழுந்து நின்றது ரூபினி.

ஆனாலும் அத்தை வரமாட்டாரோ என்ற கலக்கம் போகவில்லை. மறுநாள் படத்தை ஏற்ற ஆட்டோ வந்து நின்றால், அதிலிருந்து அவரே குங்குமச் சிமிழோடு இறங்குகிறார். அவர் பேசுவதற்கு முன்னால் படத்தைத் திருப்பிப் பிடித்து, பின்னாடி நாலு மூலையும் உங்களுது அண்ணி என்றேன். முறைத்துப் பார்த்தார், அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு மூலையாகப் பொட்டு வைத்தார். பின்னாடி என்னுது, முன்னாடி உன் இஷ்டம், சரியா என்றார். ஹாலில் ஒரு பெரியவர் இதில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்டார், நான் வாயெடுக்குமுன் அத்தை, சும்மா பாருங்க சார், இப்பத்தானே வந்தீங்க, அதுக்குள்ள கேட்டா எப்படி என்று அதட்டிவிட்டார். மனிதர் வெகு நேரம் நின்று பார்த்தார்.

எல்லா நலமும் பெற்று நீ மனம்போல் வாழ எங்கள் ஆசிகள். மறக்காமல் அந்த ஊர் பஸ் டிக்கெட்டுகளைச் சேர்த்து அனுப்பு, கசங்கியிருந்தாலும் பரவாயில்லை, அடுத்த பலகைக்கு வேண்டும்.

உன் அன்பு அம்மா
யசோதா கிருஷ்ணப்பா